கையில் போட்ட வரப்பு

கையை நேராக நீட்டச் சொன்னாள், அம்பு விடக் கற்றுக்கொடுக்கும் பெண். நீட்டினேன். என் இடது முழங்கையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். அவள் பார்த்த விதமே எனக்குப் பிடிக்கவில்லை.

"அக்கா, உங்க கை நேரா நிக்கல. உள்பக்கமா வளையுது. இந்த மாதிரி கை இருந்தா வில்லோட ஸ்ட்ரிங் கையில கண்டிப்பா அடிக்கும். முதல்ல கையில கட்டிக்க நல்ல ஆர்ம் கார்டு ஒண்ணு பாத்துக்கிட்டு வாங்க. அப்புறம் வில்லத் தொடலாம்."

இத்தனை வருடமாக அந்தக் கையால் குடம் தூக்கியிருக்கிறேன், பிள்ளை தூக்கியிருக்கிறேன். அது வளைந்த கை என்று ஒருவரும் சொன்னதில்லை. வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போய், அதற்குப் பதில் உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். அதில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை. மாத்திரை சாப்பிடுகிற உடம்பில் ரத்தம் லேசில் நிற்காது. மற்றவர்களுக்குக் கட்டில் முனை இடித்தால் 'ஸ்ஸ்' என்பதோடு போய்விடும். எனக்கு அது கத்தரிக்காய் நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பரவி, வாரக்கணக்கில் கூடவே குடியிருக்கும். வெளியே வழிகிற ரத்தத்தைவிட உள்ளே கசிகிற ரத்தம்தான் ஆபத்து என்று மருத்துவர் சொன்ன நாளோடு, வீட்டு அரிவாள்மணை என் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விட்டது. கீரைகூட எனக்கு அளந்துதான் வைப்பார்கள், அது மாத்திரையோடு மல்லுக்கு நிற்கும் என்று. கொல்லை நிறைய முளைக்கீரையை வைத்துக்கொண்டு அதற்குக் கரண்டிக் கணக்குப் பார்க்கிற வீடு இந்தப் பக்கத்தில் எங்கள் வீடு ஒன்றாகத்தான் இருக்கும்.

அப்படிப்பட்டவளுக்கு வில் எதற்கு என்று கேட்பீர்கள். என் கணவரும் அதைத்தான் கேட்டார்.

பாபநாசத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் அரிசி ஆலை மூடிக் கிடக்கிறது. நெல் காயவைக்கிற அதன் சிமெண்டுக் களத்தை வாடகைக்கு எடுத்து அந்தப் பெண் வகுப்பு ஆரம்பித்திருந்தாள். மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது பார்ப்பேன். பிள்ளைகள் வில்லை இழுத்துப் பிடித்ததும் களமே மூச்சை அடக்கிக்கொள்ளும். பிறகு ஒரு சின்னச் சத்தம். தூரத்துப் பலகையில் அம்பு நிற்கும். எனக்கு ஆபரேஷன் ஆனதிலிருந்து எல்லாரும் என்னைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். நானும் அதற்குத் தகுந்த மாதிரி, நடந்தால் கதவு இடிக்குமோ, படுத்தால் கை மடங்குமோ என்று பயந்தே காலத்தை ஓட்டினேன். பயப்படாமல் ஏதாவது ஒன்று செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை அந்த மாடியில்தான் வந்தது. ஆசைக்கென்ன, வந்துவிடும்.

என் கணவர் சொந்த நிலத்தோடு கொஞ்சம் குத்தகையும் சேர்த்து நெல் போடுகிறவர். ஆற்றில் தண்ணீர் வராத வருடத்திலும் கலங்காமல் மோட்டாரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர். என் கையில் ஒரு சிவப்பைப் பார்த்தால் மட்டும் அவருக்குக் குரல் மாறிவிடும். தஞ்சாவூரில் மருத்துவரைப் பார்க்கப் போனபோது, பிள்ளை மேல் புகார் சொல்கிற மாதிரி என்னைப் பற்றிச் சொன்னார்.

"வில்லு விடணுமாம் சார்."

மருத்துவர் என்னைப் பார்த்தார், என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். "லேசான வில்லா இருந்தா விடட்டுமே. ஆனா கையில அடி படக் கூடாது. பட்டா ஒடனே எனக்குச் சொல்லணும்."

என்னவோ, மழையில் போங்கள், ஆனால் நனையாதீர்கள் என்பது போல. ஆனாலும் அது அனுமதிதான். இனி எல்லாம் அந்தக் கைக்கவசத்தின் தலையில் விழுந்தது. அது சரியாக அமைந்தால் வில். அமையாவிட்டால் மறுபடியும் மொட்டை மாடி, துணி.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் முழங்கையில் கட்டுகிற மெத்தையை எடுத்துப் போட்டார். அது கையின் வெளிப்பக்கத்தை மூடியது. எனக்கு அடி விழப்போவது உள்பக்கத்தில். அதைச் சொன்னதும், கால்பந்துக்காரர்கள் முழங்காலுக்குக் கீழே கட்டுகிற பட்டையை எடுத்து என் கையில் சுற்றி, "இது கல்லு மாதிரி நிக்கும்" என்றார். கையில் கால் முளைத்தது போல இருந்தது. என் கணவர் அதை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, "இதவிடக் கெட்டியா இல்லீங்களா?" என்று கேட்டார்.

கடைசியில் ஒரு மூலையிலிருந்து உண்மையான கைக்கவசங்கள் வந்தன. மணிக்கட்டுக்கு மேலே கொஞ்ச தூரம் மட்டும் மூடுகிற குட்டையான தோல் பட்டை ஒன்று. முழங்கையைத் தாண்டிப் போகிற நீளமான பிளாஸ்டிக் ஒன்று. அது மெல்லியது, வியர்வை போக ஓட்டை ஓட்டையாக இருந்தது, பின்னால் எலாஸ்டிக் கயிறும் கொக்கியும். போட்டுப் பார்த்தேன். கையோடு ஒட்டிக்கொண்டது. போட்டிருப்பதே தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்ததும் அதனால்தான். போட்டிருப்பதே தெரியாத ஒன்று எதைத் தடுக்கும்?

"என்னங்க இது, சல்லடையாட்டம் இருக்கு" என்றார் என் கணவர். "அவ்வளவு ஓட்டை இருந்தா அடி உள்ள எறங்காதா?"

அவர் சொன்னது பேத்தல் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே பயத்தில் இருந்தோம். தலையை ஆட்டிவிட்டு வெறுங்கையோடு வந்துவிட்டேன். வண்டி அய்யம்பேட்டையைத் தாண்டியது. அப்போது அவர் தனக்குத்தானே பேசுகிறவர் போல, "நானே பண்றேன்" என்றார்.

மோட்டார் கொட்டகையில் போர்வெல் போட்டபோது மிஞ்சிய பிவிசி பைப் துண்டு கிடந்தது. அதை ஆக்சா பிளேடால் நீளவாக்கில் அறுத்து, அடுப்பில் வாட்டி, இளகியதும் என் கை அளவுக்கு வளைத்தார். உள்ளே சோபா ஸ்பாஞ்சை வெட்டி ஒட்டினார். வீட்டில் கெட்டுப்போன பி.பி. மிஷின் ஒன்று இருந்தது. அதன் பட்டையைக் கிழித்துக் கட்டுவதற்கு வைத்தார். மணிக்கட்டில் ஆரம்பித்து முழங்கைக்கு மேலே வரை போனது. பைப்பின் விளிம்பு என் தோலை அறுத்துவிடக் கூடாதே என்று இரண்டு முனையையும் வெளிப்பக்கமாக விரித்துவிட்டார், நாதஸ்வரத்தின் வாய் மாதிரி. அதை மாட்டிக்கொண்டு நின்றபோது எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. என் பாதிக் கை வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறதோ என்று இருந்தது.

கற்றுக்கொடுக்கிற பெண் பார்த்ததும் சிரித்துவிட்டாள். உடனே சிரிப்பை நிறுத்தி, "ரொம்பத் தடிமனா இருக்கேக்கா. ஸ்ட்ரிங் போற வழியில நிக்குது" என்றாள்.

"இருக்கட்டும்மா. அவங்க விஷயம் வேற" என்றார் என் கணவர். நானும் ஆமாம் போட்டேன். எங்கள் இரண்டு பேரையும் எதிர்த்துப் பேச அந்தப் பெண்ணுக்கு வயது போதவில்லை. இருப்பதிலேயே லேசான வில்லை எடுத்துக் கொடுத்தாள்.

முதல் அம்பை நாணில் பூட்டினேன். உலோக வால்வு வைத்தவர்களுக்கு ஓர் அவஸ்தை உண்டு. சுற்றிலும் சத்தம் அடங்கினால் உள்ளே அது டிக் டிக்கென்று அடிப்பது காதில் விழும். நாணை இழுத்துத் தாடையில் வைத்ததும் அது கேட்டது. சுவர்க் கடிகாரத்தை விழுங்கியவள் போல நின்றேன். விரலை விட்டேன். 'டப்' என்று நாண் பைப்பில் அடித்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வலிக்கவில்லை. கொஞ்சம்கூட வலிக்கவில்லை. அம்பு எங்கே போனது என்று பார்க்கக்கூடத் தோன்றாமல், பைப்பைக் கழற்றி, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் கணவரும் ஓடி வந்து பார்த்தார். கை வெள்ளை வெளேரென்று இருந்தது. இரண்டு பேரும் பரீட்சையில் பாஸான பிள்ளைகள் போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அன்றிலிருந்து வகுப்புக்கு அவரும் வந்தார். என் வளையல்களைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். களத்தில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. அம்பு விடுகிறவர்கள் அதில் நிற்க வேண்டும், மற்றவர்கள் எல்லாரும் அதற்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். இவர் மட்டும் கோட்டுக்கு முன்னால், களத்தின் ஓரச் சுவரையொட்டி வண்டியை நிறுத்தி அதன் மேல் உட்கார்ந்துகொள்வார். அந்தப் பெண் பல தடவை, "அங்கிள், பின்னால வந்துடுங்க" என்று கூப்பிட்டாள். "ஓரமாத்தானம்மா இருக்கேன்" என்பார். பின்னால் நின்றால் என் கையின் உள்பக்கம் அவருக்குத் தெரியாது. அதுதான் சங்கதி.

அவர் தலை எப்போதும் ஓரக்கண்ணில் தெரிந்துகொண்டிருந்ததால் எனக்கும் தைரியமாக இருந்தது. டப், டப் என்று நாண் பைப்பில் அடித்துக்கொண்டே இருந்தது. அம்புகள் பலகையின் விளிம்பிலும் பின்னால் தொங்கிய வலையிலும் போய் விழுந்தன. முழங்கையைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லி அந்தப் பெண் கத்துவாள். எதற்குத் திருப்ப வேண்டும்? எனக்குத்தான் வலிக்கவில்லையே.

ஒரு நாள் காலை, வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. நான் நாணை இழுத்தேன். வால்வு டிக் டிக் என்றது. விரலை விட்டேன். வழக்கமான டப் கேட்கவில்லை. 'கிரிச்' என்று ஏதோ மாட்டி அறுகிற சத்தம். வில் கையிலிருந்து முறுக்கிக்கொண்டு திரும்பியது. அம்பு பலகைப் பக்கமே போகவில்லை.

ஓரச் சுவர்ப் பக்கம் 'பொத்' என்று கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். வண்டியின் சீட்டில், நட்டநடுவில், அம்பு குத்தி நின்றது. அதன் வால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. சீட்டில் ஆள் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்தேன் என்று தெரியாது. அவர் எங்கே என்று கேட்க வாய் வரவில்லை. வண்டிக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடக்கிறாரோ என்று பார்க்கப் போகக் காலும் வரவில்லை. அந்தப் பெண் ஏதோ கத்தினாள். அப்போது ஆலையின் வாசல் பக்கமிருந்து வளையல் சத்தம் கேட்டது. சட்டைப் பையில் என் வளையல்கள் குலுங்க, கையில் போனோடு, அவர் ஓடி வந்தார். நடவுக்கு ஆள் அனுப்புகிறவர் கூப்பிட்டிருக்கிறார். சுவரோரம் சிக்னல் கிடைக்காமல் எழுந்து வாசலுக்குப் போயிருக்கிறார்.

ஓடி வந்தவர் வண்டியைப் பார்க்கவில்லை. "கையக் காட்டு" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "உங்கள யாருங்க அங்க உக்காரச் சொன்னது?" என்று கத்தினேன். "படிச்சுப் படிச்சு சொன்னாளே அந்தப் பொண்ணு, காதுல விழலையா உங்களுக்கு?"

அவர் அப்போதுதான் சீட்டைப் பார்த்தார். கிட்டப் போய் அம்பைப் பிடித்து இழுத்தார். ஸ்பாஞ்ச் கொஞ்சம் கூடவே வந்தது. கிழிசலை விரலால் அழுத்திவிட்டு, "உன் கையப் பாக்கணும்ல" என்றார்.

பைப்பைக் கழற்றிக் களத்தில் போட்டேன். அந்தப் பெண் அதை எடுத்து வெயிலில் திருப்பிக் காட்டினாள். வெள்ளைப் பைப் முழுவதும் நாண் அடித்த தடம், ஒன்றின் மேல் ஒன்றாக. விரித்துவிட்ட விளிம்பில் ஓர் இடம் பிளந்திருந்தது. நாண் அங்கேதான் மாட்டியிருக்கிறது.

"பாருங்கக்கா. ஒவ்வொரு அம்புக்கும் அடிச்சிருக்கு. உங்களுக்குத் தெரியவே இல்ல. தெரிஞ்சாத்தானே கையத் திருப்புவீங்க? கார்டு மெல்லிசா, கையோட ஒட்டி இருக்கணும். அடி பட்டா உணரணும், காயம் ஆகக் கூடாது. அவ்வளவுதான் அதோட வேல." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நான் அன்னிக்கே கண்டிப்பா சொல்லியிருக்கணும். அங்கிளையும் அங்க உக்கார விட்டிருக்கக் கூடாது" என்றாள்.

இனி வில்லே வேண்டாம் என்று முடிவு செய்தேன். இத்தனை நாள் என் ரத்தத்துக்காகப் பயந்தேன். அது பழகிய பயம், கூடவே இருந்து வளர்ந்தது. இது வேறு. சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அந்தக் காலியான சீட்டு கண்ணுக்குள் வந்து நின்றது. சில சமயம் அது காலியாக இல்லாமலும் வந்தது. அவர் வயலுக்குக் கிளம்பும்போதெல்லாம் அந்தக் கிழிசல் மேல்தான் உட்கார்ந்து போனார். தைக்கக் கொடுங்கள் என்று சொன்னால் சரி என்பார், கொடுக்கமாட்டார்.

ஒரு நாள் தஞ்சாவூருக்கு உரம் வாங்கப் போனவர் திரும்பி வந்து, ஒரு பொட்டலத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். பிரித்தேன். அந்தச் சல்லடை. ஓட்டை ஓட்டையான நீளக் கவசம்.

"நீங்கதான வேணாம்னீங்க?"

"வேணாம்னுதான் இருந்துச்சு" என்றார். "நீ மறுபடியும் மாடியிலயே நிக்கிற. அதப் பாக்க முடியல."

மறுபடியும் கோட்டில் போய் நின்றேன். இந்தத் தடவை அவர் எனக்குப் பின்னால், கோட்டுக்கு நன்றாகப் பின்னால், மற்றவர்களோடு. அந்தப் பெண் என் முழங்கையைப் பிடித்துத் திருப்பி வைத்தாள். பைப் இருந்தபோது அது திரும்பவும் முடிந்திருக்காது. இப்போது திரும்பியது. நாண் கையைத் தொடாமல் காற்றாகப் போனது. ஒவ்வொரு அம்பையும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் விட்டேன். ஆனால் ஒவ்வொரு அம்புக்கும் கை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

வியர்வையில் கவசம் கொஞ்சம் கீழே வழுக்கியிருந்ததைத்தான் கவனிக்கவில்லை. அசதியில் ஒரு தடவை கை பழைய மாதிரி வளைந்துவிட்டது. நாண் கவசத்துக்கு மேலே, முழங்கை மடிப்புக்குப் பக்கத்தில், வெறும் தோலில் சுளீரென்று அடித்தது.

வில்லைக் கீழே வைத்தேன். அவர் வந்தார். இரண்டு பேரும் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றோம். வீட்டுக்கு வருவதற்குள் சிவப்பு கறுத்து, புளியங்கொட்டை அளவுக்கு வீங்கிவிட்டது. ஐஸ் வைத்தோம். மருத்துவருக்குப் போன் செய்தோம். "கைய ஒசத்தி வைங்க, ஐஸ் வைங்க. வீக்கம் பரவுதா, விரல் மரத்துப்போகுதான்னு பாருங்க. ரொம்ப வேகமா பரவுனா காத்திருக்காம வாங்க. இல்லன்னா காலைல வந்து ரத்தம் டெஸ்ட் பண்ணிடலாம்" என்றார்.

பரவுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? பார்த்துக்கொண்டே இருந்தால் எல்லாமே பரவுகிற மாதிரிதான் இருக்கிறது. என் கணவர் உள்ளே போய், நெல் மூட்டையில் பெயர் எழுதுகிற மார்க்கர் பேனாவை எடுத்து வந்தார். என் கையைத் தன் மடியில் வைத்து, காயத்தைச் சுற்றி மெதுவாக ஒரு கோடு போட்டார். அவர் கை ஏர் பிடித்தது, டிராக்டர் ஓட்டியது. அன்றைக்கு ஒரு வட்டம் போட அத்தனை நேரம் எடுத்துக்கொண்டது.

"வரப்பு போட்டாச்சு" என்றார். "இதத் தாண்டாது."

நான் சிரித்தேன். சிரித்தால்தான் அவர் சாப்பிடுவார் என்று சிரித்தேன். படுத்த பிறகும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நேரம் தூங்கினேன் என்று தெரியவில்லை.

காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் கையைத் தூக்கிப் பார்த்தேன். கறுப்பு அவர் போட்ட கோட்டைத் தாண்டியிருந்தது. கையை இன்னும் கிட்டே கொண்டுவந்தேன். பிறகுதான் இன்னொன்றைப் பார்த்தேன். முதல் கோட்டுக்கு வெளியே இரண்டாவதாக ஒரு கோடு இருந்தது. அதை நான் பார்த்ததே இல்லை. நான் தூங்கும்போது போட்டிருக்கிறார். கறுப்பு இரண்டாவது கோட்டைத் தொடாமல், அதற்கு முன்னாலேயே நின்றிருந்தது.

அவர் கட்டிலின் காலடியில், தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மூடி போடாத மார்க்கர் விரலிடுக்கில் இருந்தது. வேட்டியெல்லாம் மை.

பரிசோதனையில் ரத்தம் கொஞ்சம் அதிகமாகவே இளகியிருந்தது. மாத்திரையைக் குறைத்தார்கள். காயம் பச்சையாகி, மஞ்சளாகி மறைந்தது. மார்க்கர் கோடுகள் மட்டும் எவ்வளவு தேய்த்தும் லேசில் போகவில்லை.

மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் களத்துக்குப் போனேன். என் கணவர்தான் எனக்குக் கவசம் மாட்டிவிட்டார். முன்பைவிட மேலே ஏற்றி, கோடுகள் இருந்த இடம் மறைகிற மாதிரி வைத்து, கொக்கியை ஒவ்வொன்றாகப் போட்டார். வழுக்காமல் இருக்க மேலே ஒரு பட்டை சேர்த்துத் தைத்திருந்தார்.

"இறுக்குதா?"

"இல்ல."

"பயமா இருக்கா?"

"இருக்கு. உங்களுக்கு?"

அவர் என் வளையல்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கோட்டுக்குப் பின்னால் போனார். நான் முழங்கையைத் திருப்பி நாணை இழுத்தேன். களம் அமைதியானது. உள்ளே வால்வு வேகமாக அடித்தது. பின்னால், மிக மெதுவாக, வளையல்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது. அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நிற்கட்டும் என்று காத்திருந்தேன். அது நிற்கவில்லை. விரலை விட்டேன்.